கதிரையில் இருந்து ஐந்து தரம்

அம்மாவுக்கு ஈரல் வருத்தம் என்று ஊருக்குத் தெரிந்த அன்றைக்கே முதல் கேள்வி வந்துவிட்டது. "பொம்பிளை குடிக்கிறவவோ?" என்னிடம் நேரே கேட்கவில்லை. பக்கத்து வளவு மாமியிடம் கேட்டிருக்கிறார்கள், மாமி வந்து எனக்குச் சொல்லிவிட்டு, "நல்லாக் குடுத்தனான் பிள்ளை" என்றார். அம்மாவுக்கும் கள்ளுக்கும் இருந்த ஒரே உறவு அப்பத்துக்கு மாப் புளிக்க வைக்கிறதுதான்.

எங்கள் பக்கம் ஈரல் என்றால் கசிப்பு, கசிப்பு என்றால் ஈரல். அந்தக் கணக்கில் விழாத ஆட்களை யாரும் யோசிப்பதில்லை. அம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து பதினைந்து வருசம் இருக்கும். எட்டு வருசத்துக்கு முன் வேறு எதற்கோ ஸ்கான் எடுத்தபோது ஈரலில் கொழுப்பு என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்த ஒருவர் "இது இப்ப எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்றார், நாங்களும் ரிப்போட்டை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டோம். எல்லாருக்கும் இல்லாவிட்டாலும் நிறையப் பேருக்கு இருக்கிறது என்பது உண்மை. ராகமைப் பக்கத்தில் 35 முதல் 64 வயது வரையானவர்களைப் பார்த்த ஒரு பெரிய ஆய்வில் மூன்றில் ஒருவருக்குக் கிட்ட ஈரலில் கொழுப்பு இருந்தது. அது கொழும்புக்குக் கிட்ட உள்ள இடம், எங்கள் வன்னி வேறு என்று சொல்லலாம். ஆனால் இங்கேயும் வயலுக்குள் மெசின் இறங்கி அறுக்கிறது, கடைக்குப் போக மோட்டச்சைக்கிள், தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி, கோப்பை நிறையச் சோறு மட்டும் அப்படியே இருக்கிறது. 2023இல் இந்த வருத்தத்தின் பெயரையே மாற்றிவிட்டார்கள். முன்பு "குடியால் வராத கொழுப்பு ஈரல்" என்ற கருத்தில் ஒரு பெயர் இருந்தது, இப்போது உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்த்துச் சொல்கிறார்கள், அதாவது சீனி, பிரஷர், இடுப்புச் சுற்றளவு, இரத்தக் கொழுப்பு இவற்றோடு கூடப்பிறந்த வருத்தம் என்று. மாமி சண்டை பிடிக்கத் தேவையில்லாத பெயர்.

சரி, நான் எழுத வந்தது ஈரலைப் பற்றியே இல்லை. அம்மாவின் தொடையைப் பற்றி.

மூன்று வருசத்துக்கு முன் வயிறு வீங்கத் தொடங்கி, ஈரல் சுருங்கிவிட்டது, சிரோசிஸ் என்று சொன்ன நாளிலிருந்து வீட்டில் எல்லாருடைய கண்ணும் அவவின் வயிற்றில்தான். இன்றைக்குக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா, சட்டை இறுக்குகிறதா. கிளினிக்கில் நிறை பார்ப்பார்கள், 58 கிலோ. அடுத்த முறையும் 58. அதற்கடுத்த முறையும். "நிறை குறையேல்லை, நல்லது" என்று நான் கொப்பியில் எழுதி வைத்தேன், இப்போது அந்தக் கொப்பியைப் பார்க்க எனக்கே வெட்கம். வயிற்றில் ஒரு லீற்றர் தண்ணி கூடினால் தராசில் ஒரு கிலோ. தொடையிலும் தோளிலும் இருந்து ஒரு கிலோ தசை போனால் தராசில் ஒரு கிலோ குறைவு. இரண்டும் சேர்ந்தால் 58. ஊசி போட்டு நாலரை லீற்றர் எடுத்த அன்றுதான் அம்மாவின் உண்மையான அளவு வெளியே தெரிந்தது. குளிக்க வார்க்கும்போது பார்த்தேன், தோள்மூட்டு எலும்பு கோப்பை கவிழ்த்தமாதிரித் தள்ளிக்கொண்டு நின்றது.

அப்புறம் போன மார்கழி மழையில் கிணற்றுக்கட்டில் சறுக்கி விழுந்தார். பெரிய விழுகை இல்லை, நின்ற உயரத்திலிருந்து கையை ஊன்றிக்கொண்டு இருந்துவிட்டார், அவ்வளவுதான். மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டொக்டர் ஒருவர் எக்ஸ்றேயைப் பார்த்துவிட்டு, இந்த விழுகைக்கு இந்த எலும்பு முறிந்திருக்கக் கூடாதே என்றார். பழைய ரிப்போட் எல்லாம் வாங்கிப் பார்த்தார், பிறகு கைப்பிடி இல்லாத ஒரு பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"அம்மா, இதில இருங்கோ. முறிஞ்ச கையையும் சேத்து நெஞ்சோட வைச்சுக்கொண்டு, ஊண்டாமல் எழும்பி எழும்பி இருங்கோ பாப்பம். அஞ்சு தரம்."

முதல் தரம் எழும்பினார். இரண்டாவது தரம் முன்னுக்கு ஆடி ஒரு எத்து எத்தித்தான் எழும்பினார். மூன்றாவதில் பாதியில் நின்று, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்படியே பின்னுக்கு இருந்துவிட்டார். அவ்வளவும் ஒரு நிமிசத்துக்குள். நான் அம்மாவை ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன், ஆனால் எழும்பும்போது எப்போதும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புகிறார் என்பதைப் பார்க்கவில்லை. கட்டில் சட்டம், குசினிக் கதவு, என் தோள்.

ஆசிய நாட்டவர்களுக்கென்று 2019இல் வைத்த அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஐந்து தரம் எழும்பி இருக்க 12 செக்கனோ அதற்கு மேலோ எடுத்தால் தசையின் வேலை குறைந்துவிட்டது என்று பொருள். கையால் இறுக்கிப் பிடிக்கிற பலத்தை அளக்கிற கருவி இருந்தால் ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ, அதற்குக் கீழே போனால் தசைப் பலம் குறைவு. கருவி இல்லாவிட்டாலும் கதிரை எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

ஏன் தசை போகிறது என்பதை அந்த டொக்டர் சொன்னதையும் பிறகு நான் தேடி வாசித்ததையும் வைத்து என் பாஷையில் சொல்கிறேன். ஈரல் உடம்பின் கொம்பறை, நெல்லைச் சேர்த்து வைக்கிற இடம் மாதிரி. பகலில் சாப்பிட்டதில் மிச்சத்தை அங்கே கட்டி வைத்து, இரவு நாங்கள் நித்திரையாக இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுக்கும். சுருங்கிப்போன ஈரலில் அந்தச் சேமிப்பு மிகக் குறைவு, நடுச்சாமத்துக்கு முன்னமே தட்டுப்படும். கொம்பறை வெறுமையானால் என்ன செய்வோம், விதைநெல்லில் கை வைப்போம். உடம்புக்கு விதைநெல் தசைதான். அதை உடைத்துச் சீனியாக்கி மூளைக்கு அனுப்பும். நல்ல ஈரல் உள்ள ஒருவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்பு எந்த நிலைக்குப் போகுமோ, சிரோசிஸ் உள்ளவர் ஒரே இரவில் அங்கே போய்விடுகிறார்.

அம்மாவின் கணக்கைப் பார்த்தேன். பின்னேரம் ஆறரைக்கு மூன்று இடியப்பம், சொதி. அடுத்த நாள் எட்டு மணிக்குப் பாண். இடையில் பதின்மூன்றரை மணித்தியாலம். அதுக்கு மேல் வெள்ளி விரதம், அதுக்கு மேல் ஐப்பசியில் கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமும். மூன்று வருசமாக ஒவ்வொரு இரவும் அவ விதைநெல்லைத் தின்றுகொண்டிருந்திருக்கிறார், பக்கத்து அறையில் நான் படுத்திருந்தேன்.

இதில் எங்களுடைய பத்தியம் வேறு. ஈரல் வருத்தம் என்றால் மீன் கூடாது, முட்டை கூடாது, கீழ்க்காய்நெல்லியும் கஞ்சியும். ஒருநாள் அம்மா தேத்தண்ணிக்கு உப்புப் போட்டுத் தந்தார், பகல் முழுக்க நித்திரை, இரவு முழிப்பு, கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு பறவை செட்டை அடிக்கிறமாதிரி ஆடியது. அமோனியா தலைக்கு ஏறின குணம். அந்த நேரம் ஒருவர் (யார், எங்கே என்று வேண்டாம், நல்ல மனதோடுதான் சொன்னார்) புரதம் முழுக்க நிற்பாட்டுங்கோ என்றார். நாங்கள் பருப்பைக்கூட நிற்பாட்டினோம். அமோனியா புரதத்திலிருந்து வருகிறது, ஆகவே புரதத்தைக் குறை என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஒரு காலத்தில் எல்லா இடமும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் ஈரல் களைத்துப்போன உடம்பில் அமோனியாவைப் பிடித்து வேறாக மாற்றி அனுப்புகிற இன்னொரு இடம் தசை. ஈரலுக்குப் பதிலாள். அந்தப் பதிலாளுக்குச் சாப்பாடு கொடுக்காமல் விட்டால் அமோனியா இன்னும் கூடும். கூடின அமோனியா தசை வளர்வதையும் தடுக்கும். இப்படி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போகும். 2004இலேயே ஸ்பெயினில் இப்படி மயங்கின நோயாளிகளுக்கு வழமையான அளவு புரதம் கொடுத்துப் பார்த்து, அதனால் குழப்பம் கூடவில்லை என்று காட்டிவிட்டார்கள். ஐரோப்பிய ஈரல் சங்கத்தின் வழிகாட்டலும் புரதத்தைக் குறைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. குழப்பத்துக்கு மருந்து லக்ருலோஸ் என்ற தித்திப்புச் சிரப், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் இளக்கமாக வயிற்றால் போகிற அளவுக்கு. அதை நிற்பாட்டாமல் இருப்பதுதான் முக்கியம். மீன் ஒத்துவராதவர்களுக்குப் பயறு, பருப்பு, தயிர், பால் இவற்றிலிருந்து வருகிற புரதம் இன்னும் நன்றாக ஒத்துப்போகும்.

எவ்வளவு வேண்டும்? ஒரு கிலோ உடம்புக்கு ஒரு நாளைக்கு 1.2 இலிருந்து 1.5 கிராம் புரதம், குறைந்தது 35 கலோரி. நன்றாகக் கொழுத்த ஆட்களுக்குக் கலோரிக் கணக்கு வேறு, அவர்களுக்குப் புரதத்தைக் குறைக்காமல் சோற்றையும் சீனியையும் குறைப்பார்கள். கிலோ என்பது தண்ணி கழித்த கிலோ. வயிற்றில் நடுத்தரமாகத் தண்ணி இருந்தால் நூற்றுக்குப் பத்து, காலும் வீங்கியிருந்தால் இன்னும் ஐந்து கழிப்பார்கள். அம்மாவின் 58இல் பதினைந்து வீதம் போனால் 49. அதாவது 60 இலிருந்து 75 கிராம் வரை புரதம். பாணும் பூசணிக்காய்க் கறியும் இடியப்பமும் சாப்பிட்ட அம்மாவுக்கு முப்பது கிராம் தேறியிருக்குமோ தெரியாது.

எழுபது கிராம் என்றதும் நான் பயந்துவிட்டேன், ரின் மாப் புரதம் வாங்கக் காசுக்கு எங்கே போவது என்று. பிறகு இருந்து கணக்குப் போட்டேன். முட்டை ஒன்று ஆறு கிராம். நூறு கிராம் மீன் இருபதுக்குக் கிட்ட, இரணைமடுக் குளத்து ஜப்பான் மீனும் கணக்குத்தான். ஒரு தம்ளர் பாலில் ஆறு ஏழு. ஒரு சுண்டுப் பயறு அவித்து வீட்டில் மூன்று பேர் சாப்பிட்டாலும் ஆளுக்குப் பதினைந்து கிராமுக்கு மேல். அப்புறம் கச்சான். நாங்கள் இருப்பது முறிகண்டிக்குக் கொஞ்சம் உள்ளே. ஏ9ஆல் போகிற பஸ் எல்லாம் பிள்ளையாரடியில் நிற்கும், தேங்காய் உடைத்துவிட்டு ஏறுகிறவர்கள் கையில் கச்சான் சுருளோடுதான் ஏறுவார்கள். மணலில் வறுத்த சூட்டோடு ஒரு கை கச்சானில் ஏழு கிராம் புரதம். அயல் முழுக்க விற்கிற சாமான் எங்கள் வீட்டுக்குள் மட்டும் மூன்று வருசம் வரவில்லை, "எண்ணெய்ச் சாமான், ஈரலுக்குக் கூடாது" என்று. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஈரம் பட்டு, பூஞ்சணம் பிடித்து, கசக்கிற கச்சானை ஒன்றிரண்டாகப் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தின்னாமல் முழுக்க எறிய வேண்டும். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலில் புற்றுநோய்க்கு வழி செய்கிறது. நெத்தலிக் கருவாட்டிலும் புரதம் நிறைய, ஆனால் உப்பு. வயிற்றில் தண்ணி உள்ளவருக்கு ஒரு நாள் முழுக்கச் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்புத்தான் கணக்கு, கருவாட்டுக்குழம்பு ஒரு நேரத்திலேயே அதை முடித்துவிடும். கருவாடு, அப்பளம், மோர்மிளகாய் மூன்றையும் நிற்பாட்டினதற்கு அம்மா இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் இரவு பத்து மணிச் சாப்பாடு. படுக்கப் போக முன் ஐம்பது கிராம் அளவு மாச்சத்து வருகிற ஏதாவது, கூடக் கொஞ்சம் புரதம். நாங்கள் செய்வது குரக்கன் ரொட்டி ஒன்றும் சீனி போடாத பால் ஒரு தம்ளரும், சில நாள் குரக்கன் கஞ்சிக்குள் வறுத்த பயத்தம்மா. நூறு கிராம் குரக்கன் மாவில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது, எலும்புக்கும் உதவும். நியூசிலாந்தில் ஒரு ஆய்வில் ஒரே சத்துப்பானத்தை ஒரு கூட்டத்துக்குப் பகலிலும் மற்றக் கூட்டத்துக்கு இரவிலும் கொடுத்தார்கள். இரவில் குடித்தவர்களின் உடம்பில்தான் புரதம் சேர்ந்தது. சாப்பிடுகிற நேரம் மட்டும்தான் வித்தியாசம்.

"படுக்கப்போற நேரத்தில ஆரும் தின்னுவினமோ? எனக்கு வேண்டாம் பிள்ளை, நீ தின்."

இந்த "நீ தின்"னை மருந்துக் குறிப்பில் எழுத முடியாது. 2009இல் கடைசிச் சண்டைக்குள் புதுக்குடியிருப்புத் தாண்டிப் போன பிறகு வெறும் அரிசிக் கஞ்சிதான், அதிலும் தன்னுடையதை எங்களுக்கு வார்த்துவிட்டுத் தான் குடித்துவிட்டேன் என்று சொன்ன ஆள் அவ. முகாமிலும் அப்படித்தான். அந்தப் பழக்கம் கொம்பறை நிறைந்த பிறகும் போகவில்லை. ஆகவே நான் பத்து மணிக்கு இரண்டு ரொட்டி சுடுகிறேன், எனக்கொன்று. நான் முடிக்கும்வரைக்கும் அவவும் சாப்பிடுகிறார். எனக்கு நாலு கிலோ கூடிவிட்டது, அதை வேறு பதிவில் பார்ப்போம்.

சீனி வருத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தராசைப் போல அதுவும் எங்களை ஏமாற்றியது. மூன்று மாதச் சராசரி காட்டுகிற இரத்தப் பரிசோதனை வரவரக் குறைந்துகொண்டு வந்தது, நாங்கள் சந்தோசப்பட்டோம். சிரோசிஸில் மண்ணீரல் வீங்கிச் சிவப்பணுக்கள் வேளைக்கு அழிந்துபோகும், இரத்தச்சோகையும் சேர்ந்தால் அந்த எண் உண்மையை விடக் குறைத்துக் காட்டும். அதே நேரம் விடிய மூன்று மணிக்கு அம்மா வேர்த்து நனைந்து எழும்பின நாட்கள் உண்டு. குத்திப் பார்த்தால் 54. பகலில் கூடுதல், இரவில் குறைவு, சராசரி அழகாக இருக்கிறது. அதுக்குப் பிறகு டொக்டர் மருந்தின் அளவை மாற்றி, விரலில் குத்திப் பார்க்கிற கணக்கை வைத்துத்தான் பார்க்கிறார். சிறுநீரகத்துக்குப் பார்க்கிற கிரியற்றினினும் இதே கதை, அது தசையிலிருந்து வருவது, தசை இல்லாதவருக்கு எண் குறைவாகத்தான் இருக்கும், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுவோம்.

எலும்புக்கு வருகிறேன். வெயில் இவ்வளவு கொளுத்துகிற ஊரில் விற்றமின் டி குறைவு என்றால் சிரிப்பார்கள். வெயில் தோலில் செய்து கொடுப்பது மூலப்பொருள்தான், அதை அடுத்த படிக்கு மாற்றுகிற பட்டறை ஈரலில் இருக்கிறது, அதுக்குப் பிறகு சிறுநீரகத்தில். பட்டறை பழுது. மாதவிடாய் நின்ற வயது, சீனி, தசை இழுக்காத எலும்பு, எல்லாம் சேர்ந்துதான் கிணற்றுக்கட்டில் முறிந்தது. எலும்பின் அடர்த்தி பார்க்கிற ஸ்கானுக்குத் தூரப் போக வேண்டியிருந்தது, இடுப்பிலும் முதுகிலும் மைனஸ் 2.5க்குக் கீழே, அதாவது எலும்புத் தேய்வு. கிழமைக்கு ஒன்று போடுகிற குளிசையை உடனே தரவில்லை. அது தொண்டைக்குழாயைப் புண்ணாக்கக்கூடியது, ஈரல் சுருங்கினவர்களுக்கு அங்கே இரத்தக்குழாய் வீங்கியிருக்கலாம், ஆகவே முதலில் கமரா விட்டுப் பார்த்தார்கள். வீக்கம் இருந்தது. இப்போது வருசத்துக்கு ஒருமுறை ஏற்றுகிற ஊசிக்குப் போட்டிருக்கிறார்கள், அதுக்கு முன் விற்றமின் டியைச் சரிக்கட்ட வேண்டுமாம்.

கை முறிந்த கிழமை நான் செய்த பிழையையும் எழுதிவிடுகிறேன். நோவு தாங்க முடியாமல் அழுதார், நான் போய் மருந்துக்கடையில் "நல்ல நோக்குளிசை" கேட்டு வாங்கிவந்து மூன்று நாள் கொடுத்தேன். கடைக்காரர் என்ன வருத்தக்காரருக்கு என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாலாம் நாள் கால் இரண்டும் பானை மாதிரி, சலம் போவது குறைந்துவிட்டது. டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வகை சிரோசிஸில் சிறுநீரகத்தைப் பிடிக்கும், இரத்தக் கசிவையும் தரும். பரசிற்றமோல்தான் ஈரலுக்குக் கூடாது என்று பயந்து நான் இதை வாங்கினேன். உண்மையில் டொக்டர் சொன்ன அளவுக்குள், பொதுவாக நாளுக்கு இரண்டு கிராமுக்குக் கீழே, பரசிற்றமோல்தான் பாதுகாப்பானது.

இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறதும் இந்த வருத்தத்தோடு வருவதுதான். அதற்கு ஊறுகாய்த் தண்ணி ஒரு மிடறு குடித்தால் இழுவை தணிகிறது என்று அமெரிக்காவில் 2022இல் ஒரு ஆய்வு வந்தது. அது வினாகிரியில் போட்ட வெள்ளரிக்காய்த் தண்ணி, ஒரு மிடறு. அம்மா இதை எங்கேயோ கேள்விப்பட்டுத் தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலை இறக்கிவிட்டார், பறித்து மேலே வைத்தேன்.

தேகப்பயிற்சி என்றால் அவவுக்குச் சிரிப்பு. "நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையே?" வீங்கின இரத்தக்குழாய்க்கு மருந்து தொடங்கி, டொக்டர் சரி என்ற பிறகுதான் தொடங்கினோம். பாரம் தூக்குவதோ மூச்சைப் பிடித்து முக்குவதோ இல்லை. நாடகம் போகிற நேரம் விளம்பரம் வந்தால் கதிரையில் இருந்து எழும்பி இருக்க வேண்டும். முதல் கிழமை முன்னால் மேசை, பிடித்துக்கொண்டு. பிறகு ஒரு விரலால் தொட்டுக்கொண்டு. நல்ல கையால் அரை லீற்றர்த் தண்ணிப் போத்தலைத் தூக்கி இறக்குதல். பின்னேரம் வெயில் தாழ வாய்க்கால் றோட்டால் மதகு வரைக்கும் நடை, மாமியும் கூட வருகிறார், போகிற வழி முழுக்க யார் யார் கேட்டார்கள், தான் என்ன குடுத்தார் என்ற கதை.

வெள்ளி விரதம் மட்டும் இன்னும் தீரவில்லை. கோயில் ஐயாவிடமே கேட்டோம், வருத்தக்காரருக்கு விரதம் விதியில்லை அம்மா என்று அவர் சொன்னதை அம்மா காதில் வாங்கவில்லை. இப்போதைக்கு மீன், முட்டை இல்லாமல், மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் சாப்பிடுகிற விரதம். பால், தயிர், உழுத்தங்களி, அவித்த பயறு. இதென்ன விரதம் என்று அவவே கேட்கிறார்.

போன கிழமை ஐந்து தரத்துக்கு 16 செக்கன். 12 இன்னும் தூரம். நான் போனில் நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ எழும்பி எழும்பி வாய்விட்டு எண்ணினார், மூன்றிலிருந்து நேரே ஐந்துக்குத் தாவிவிட்டு இருந்துவிட்டார். நாலுதான் என்றேன். ஐந்து என்றார். மாமியைச் சாட்சிக்குக் கூப்பிட்டோம், மாமி அம்மாவின் பக்கம்.

திரும்ப எழும்பச் சொல்லி எடுத்ததுதான் அந்த 16.